இஃப்புக்குள் இஃப்: எத்தனை படி இறங்கலாம்?

கேள்வி: ஆர்டரைச் சரிபார்த்துப் பணம் வசூலிக்கும் ஃபங்ஷன் ஒன்றைப் பைத்தானில் எழுதினேன். சரியாகவே ஓடுகிறது. ஆனால் இஃப்புக்குள் (if, நிபந்தனை பார்க்கும் வரி) இஃப்பாக ஐந்து அடுக்கு இருக்கிறதென்று ரிவ்யூவில் திருப்பிவிட்டார்கள். ஓடுகிற கோடை ஏன் மாற்ற வேண்டும்? எப்படி மாற்றுவது?
- ஓராண்டாக வேலை பார்ப்பவர்

பதில்: நாளை அந்தக் கோடைத் திருத்தப்போகிறவருக்காக மாற்றுங்கள். ஐந்தாவது அடுக்கில் இருக்கும் ஒரு வரியைப் புரிந்துகொள்ள, மேலே உள்ள ஐந்து நிபந்தனைகளையும் அவர் மனதில் வைத்திருக்க வேண்டும். முதல் இஃப்பின் எல்ஸ் நாற்பது வரி தள்ளிக் கிடக்கும். பைத்தானில் அந்த எல்ஸ் ஓர் அடுக்கு நகர்ந்தாலே வேறொரு இஃப்போடு ஒட்டிக்கொள்ளும்; பிழைச் செய்தி எதுவும் வராது.

நிபந்தனையைத் திருப்பிப் போட்டு, ஆகாததை வாசலிலேயே அனுப்பிவிடுங்கள். வடிவத்தை மட்டும் தமிழில் தருகிறோம்:

இஃப் ஆர்டர் இல்லை: ரிட்டர்ன் "ஆர்டர் இல்லை"
இஃப் பொருள் பட்டியல் காலி: ரிட்டர்ன் "பொருள் இல்லை"
இஃப் ஸ்டாக் இல்லை ஆர் விலை தவறு: ரிட்டர்ன் "தர இயலாது"
பணம் வசூலி

இதை கார்டு கிளாஸ் (guard clause, காவல் நிபந்தனை) என்பார்கள் (ஆப்ஜெக்டுக்கான கிளாஸ் வேறு). உண்மையான வேலை கடைசியில், இடது ஓரமாக, தனியாகத் தெரிகிறது பாருங்கள்.

மாற்றும்போது மூன்று இடங்களில் சறுக்கும். முதலாவது, மேலே மூன்றாவது வரி. பழைய கோடில் அது "ஸ்டாக் இருக்கிறது ஆண்ட் விலை சரி" என்று இருந்திருக்கும். திருப்பும்போது ஆண்ட் (and), ஆர் (or, அல்லது) ஆக மாற வேண்டும். ஆண்டை அப்படியே விட்டால், ஸ்டாக் இல்லாவிட்டாலும் விலை சரியாக இருந்தால் போதும், ஆர்டர் உள்ளே போய்விடும். அதிகம் நடக்கும் தவறு இதுதான். இரண்டாவது, வரிசை: ஆர்டர் இருக்கிறதா என்று பார்க்கும் முன் அதன் பட்டியலைத் தொட்டால் ஆட்ரிபியூட் எரர் வரும். மூன்றாவது, பழைய இஃப் அடுக்குகளுக்கு வெளியே, ஃபங்ஷனின் அடியில் லாக் (log, நடந்ததைப் பதியும் குறிப்பு) எழுதும் வரி இருந்தால், சீக்கிரம் ரிட்டர்ன் ஆனபின் அது ஓடாது. அந்த லாகை, இந்த ஃபங்ஷனை அழைக்கும் இடத்துக்குக் கொண்டுபோங்கள். லூப்புக்குள் இதே வேலையைச் செய்யும்போது ரிட்டர்ன் அல்ல, அடுத்த சுற்றுக்குத் தாவும் கன்டினியூ.

ஒவ்வொரு தோல்விக்கும் ஒரு டெஸ்ட் எழுதிவிட்டு, வெளி இஃப்பிலிருந்து ஒவ்வொன்றாகத் திருப்புங்கள். ஒன்றைத் திருப்பியதும் டெஸ்ட், பிறகு கமிட். ஐந்தையும் ஒரே மூச்சில் திருப்பினால் எது உடைந்தது என்று தேடவே அரை நாள் போய்விடும்.

கேள்வி: ஒரு ஃபங்ஷனுக்கு ஒரே ரிட்டர்ன்தான் இருக்க வேண்டும் என்று கல்லூரியில் சொல்லித்தருகிறார்களே?
- மாணவி

பதில்: சி மொழியில் அதற்கு வலுவான காரணம் உண்டு. திறந்த ஃபைலையும் வாங்கிய மெமரியையும் நாமே விடுவிக்க வேண்டும். நடுவில் ரிட்டர்ன் செய்தால் அது விட்டுப்போகும். லினக்ஸ் கெர்னலின் (அந்த இயங்குதளத்தின் மையப் பகுதி) கோட் எழுதும் நெறிமுறை இதற்காக, விடுவிக்கும் வரிகளை அடியில் வைத்து அங்கே கோ டு (goto) கட்டளை மூலம் தாவச் சொல்கிறது. மூன்று அடுக்குக்கு மேல் உள்தள்ளல் தேவைப்பட்டால் புரோகிராமையே திருத்து என்பதும் அதே நெறிமுறைதான். பைத்தானில் வித், ஜாவாவில் 2011-இல் வந்த 7-ஆம் பதிப்பு முதல் டிரை-வித்-ரிசோர்சஸ், கோ மொழியில் டிஃபர் ஆகியவை எந்த ரிட்டர்னில் வெளியேறினாலும் விடுவித்துவிடும். அங்கே அந்த விதியைப் பிடித்துக்கொள்ள வேண்டியதில்லை.

கேள்வி: ஐந்து இஃப்பையும் தட்டையாக்கிய பிறகும், கோடின் சிக்கலை அளக்கும் கம்ப்ளெக்சிட்டி எண் 6 என்றே காட்டுகிறது. ஏன்?
- வாசகர்

பதில்: தாமஸ் மெக்கேப் 1976-இல் தந்த அந்த அளவு, முடிவெடுக்கும் இடங்களை எண்ணி ஒன்றைக் கூட்டுகிறது. ஐந்து இஃப் என்றால் 6. அடுக்கினாலும் வரிசையாக வைத்தாலும் அதேதான். ஆழத்தைப் பிடிக்க வேறு விதி வேண்டும். பைத்தான் கோடைச் சரிபார்க்கும் கருவியான பைலிண்ட் ஐந்து அடுக்கு வரை பொறுத்துக்கொண்டு ஆறாவதில்தான் எச்சரிக்கும். அதன் மேக்ஸ்-நெஸ்டட்-பிளாக்ஸ் அமைப்பை 3 ஆக்கிக்கொள்ளுங்கள்.