சாலை மட்டம், பூங்கா இடம், வரி: பேரூராட்சிக் கேள்விகளுக்குப் பதில்கள்

சென்னைப் புறநகர்ப் பேரூராட்சிகளில் குடியிருப்பவர்கள் வரி, சாலை, பூங்கா இடம், பிறப்புச் சான்று, கட்டட அனுமதி பற்றி என்னிடம் எதையும் கேட்கலாம்; கேட்டவர் தந்த பெயரோடு கேள்வியும், அதன் கீழே என் பதிலும் இருக்கும். பட்டா தாசில்தார் அலுவலகத்து வேலை, கரண்ட் மின்வாரியத்து வேலை; அவற்றை அங்கேதான் கேட்க வேண்டும்.

தொடங்கும் முன் ஒரு வேண்டுகோள். எந்த மனுவானாலும் இரண்டு பிரதி எடுத்துப் போங்கள். ஒன்றைக் கொடுத்துவிட்டு, மற்றதில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். கவுன்சிலரிடம் வாயால் சொன்னது எந்தக் கோப்பிலும் ஏறாது.

செல்வி நகர்வாசி: சார், சொத்து வரியை எப்போது கட்டினால் தள்ளுபடி?

வரி அரையாண்டுக் கணக்கு. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒன்று, அக்டோபர் முதல் மார்ச் வரை இன்னொன்று. முதலாவதை ஏப்ரல் 30க்குள்ளும் இரண்டாவதை அக்டோபர் 31க்குள்ளும் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை, அதிகபட்சம் 5,000 ரூபாய். பழைய பாக்கி இருந்தால் முதலில் அதைத் தீருங்கள். பணம் கட்டிய உடனே ரசீதில் வரிவிதிப்பு எண் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். ஒரே தெருவில் ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்தால் அடுத்தவர் கணக்கில் வரவு ஏறிவிடுவது உண்டு.

புது அப்பா: குழந்தை குரோம்பேட்டை மருத்துவமனையில் பிறந்தது. வீடு பேரூராட்சியில். பெயர் சேர்க்க எங்கே போவது?

குழந்தை எங்கே பிறந்ததோ அந்த உள்ளாட்சியில்தான் பதிவு. குரோம்பேட்டை தாம்பரம் மாநகராட்சியில் வருகிறது, அங்கே போங்கள். பிறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்தால் கட்டணம் இல்லை. பெயரை ஓராண்டுக்குள் சேர்த்தாலும் கட்டணம் இல்லை; அதற்குப் பிறகு தாமதக் கட்டணம் உண்டு. இனிஷியலையும் எழுத்துக்கூட்டலையும் தாய் தந்தையர் ஆதாரோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள். பின்னால் ஒரு எழுத்தைத் திருத்த வேண்டுமென்றால் பல நடை நடக்க வேண்டிவரும்.

மூன்றாவது குறுக்குத் தெரு: எங்கள் தெருவுக்குப் புதுத் தார்ச்சாலை போடப்போகிறார்கள். ஏற்கெனவே வாசற்படி இரண்டு சாலைக்குள் போய்விட்டது. இந்த முறையும் மேலேயே போட்டால் மழைத்தண்ணீர் நேரே ஹாலுக்குள் வந்துவிடும். தடுக்க வழி உண்டா?

உண்டு. இது எல்லாத் தெருவுக்கும் பொருந்தும் என்பதால் விரிவாகவே சொல்கிறேன்.

பழைய சாலையின் மேற்பரப்பைச் சுரண்டி எடுத்துவிட்டு, எடுத்த கனத்துக்கே புதிதாகப் போட வேண்டும், மட்டம் உயரக் கூடாது என்று 2021இல் அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு எழுத்து மூலமாகவே அறிவுறுத்தினார். துறையிலும் களத்திலும் இதை மில்லிங் என்பார்கள். ஒரு முறைக்கு 4 செ.மீ. என்று வைத்தாலும் மூன்று முறை மேலேமேலே போட்டால் 12 செ.மீ. ஏறிவிடும். வீட்டின் தரைமட்டம் சாலையைவிட 45 செ.மீ. உயரத்தில் இருந்தது என்றால், அதில் கால் பங்குக்கு மேல் போய்விட்டது.

வேலை தொடங்கும் முன்பே அளவு எடுங்கள். வீட்டுத் தரைமட்டத்திலிருந்து, அல்லது மதில் சுவரில் பெயிண்டால் போட்ட ஒரு கோட்டிலிருந்து, சாலை வரை டேப் வைத்து அளந்து, டேப்பில் எண் தெரியும்படி படம் எடுங்கள். தெருவின் இரு முனையிலும் நடுவிலும் என்று குறைந்தது மூன்று இடத்தில் வேண்டும். மட்டத்தை மாற்றிய பின் அளந்து பயனில்லை. பழைய மட்டத்துக்கு வேறு சாட்சி கிடையாது.

அடுத்து, அந்த வேலைக்கான செலவு மதிப்பீடு. அதில் பழைய பரப்பைச் சுரண்டி அகற்றுவதற்குத் தனி இனம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் பேரூராட்சியின் செயல் அலுவலருக்கு உடனே மனு கொடுங்கள், நகலைப் பேரூராட்சிகளின் மண்டல உதவி இயக்குநருக்கும் அனுப்புங்கள். இனம் இருந்தும் செய்யாமல் விட்டால் எம்-புக் என்கிற அளவுப் புத்தகத்தில் அதற்கு அளவு எழுதியிருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். செய்யாத வேலைக்கு அளவு ஏறியிருந்தால் அது தணிக்கைக்குப் போக வேண்டிய விஷயம்.

இதையெல்லாம் தகவல் உரிமைச் சட்டம் பிரிவு 6(1)இன் கீழ் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டிக் கேட்கலாம். பதிலுக்கு 30 நாள். வராவிட்டால் 30 நாளுக்குள் பிரிவு 19(1)இல் முதல் மேல்முறையீடு. பலருக்குத் தெரியாதது பிரிவு 2(j): ஆவண நகல் மட்டுமல்ல, நடக்கும் வேலையை நேரில் ஆய்வு செய்யவும், பொருளின் சான்றிட்ட மாதிரி எடுக்கவும் அது உரிமை தருகிறது. "சாலை ஏன் மோசமாக இருக்கிறது?" என்று கேட்காதீர்கள், காரணம் கேட்கும் கேள்விக்குப் பதில் தர அவர்களுக்குக் கடமை இல்லை. "இந்தத் தெரு வேலையின் மதிப்பீடு, பணி ஆணை, எம்-புக் பக்கங்கள், தரச் சோதனை அறிக்கை ஆகியவற்றின் சான்றிட்ட நகல் வேண்டும்" என்று ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

ஒப்பந்த வேலைக்காரன்: எழுதுவது சுலபம் சார். 150 மீட்டர் தெருவுக்கு மில்லிங் மெஷின் கொண்டுவந்தால் லாரி வாடகையே கட்டுப்படியாகாது. பத்தடிச் சந்தில் அது திரும்பவும் திரும்பாது. வீட்டுக் குடிநீர்க் குழாயெல்லாம் உடையும், அப்போது எங்களைத்தான் திட்டுவார்கள்.

வாடகைக் கணக்கு உண்மைதான், மறுக்கவில்லை. அதனால்தான் தெருத் தெருவாகப் பிரித்து டெண்டர் விடாமல் பக்கத்துத் தெருக்களை ஒரே தொகுப்பாக விட வேண்டும். பத்துத் தெருவுக்கு ஒரு முறை மெஷின் வந்தால் போதும். ஒரு மீட்டர் அகல உருளை உள்ள மெஷின் பத்தடித் தெருவில் நேராகப் போய்வர முடியும். அதுவும் நுழையாத சந்தில் மெல்லிய தார்ப்பரப்பை ஜேசிபி பக்கெட்டாலேயே பெயர்த்து எடுக்கிறார்கள்; அடித்தளம் கலையும் என்பதால் பிறகு நன்றாக ரோலர் ஓட்டிக்கொள்ள வேண்டும்.

4 செ.மீ. சுரண்டுவதால் உடைகிற குழாய், விதிப்படி பதித்த குழாயாக இருக்க முடியாது. அந்த இணைப்புகளை முன்கூட்டியே குறித்து ஆழத்தில் இறக்கிவிட்டுச் சாலையைத் தொடங்குவதுதான் முறை. இல்லாவிட்டால் சாலை போட்ட மறு மாதமே கசிவு வந்து, புதுச் சாலையைத் தோண்டுவோம்.

குளக்கரைத் தெரு: ஒப்பந்தக்காரர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. எங்கள் தெரு மெயின் ரோட்டைவிடப் பள்ளம். மழைக்கு முழங்கால் தண்ணீர். உயர்த்தாமல் என்ன செய்வது?

உயர்த்தினால் தெருவில் நின்ற தண்ணீர் உங்கள் வீட்டுக்குள் நிற்கும், அவ்வளவுதான் மாற்றம். முதலில் தண்ணீர் எங்கே போக வேண்டும் என்று பாருங்கள். கொத்தனார் மட்டம் பார்க்க வைத்திருக்கும், தண்ணீர் நிரப்பிய டியூப் போதும். தெருவின் மிகத் தாழ்ந்த இடத்தையும், மெயின் ரோட்டு மழைநீர்க் கால்வாயின் அடித்தளத்தையும் ஒப்பிடுங்கள். கால்வாய் அடி தெருவைவிடத் தாழ்வாக இருந்தால், உங்களுக்கு வேண்டியது உயரம் இல்லை, கால்வாய்க்குள் தண்ணீர் இறங்கும் துளைகளும் சரியான வாட்டமும்தான், அதாவது தண்ணீர் ஓடும் சரிவு. பல இடங்களில் கால்வாய் மூடி சாலையைவிட மேலே நிற்கிறது, நுழைவுத் துளையை மண் அடைத்திருக்கிறது.

கால்வாயே மேட்டில் இருந்தால் அதன் வடிவமைப்பில் பிழை. அதை மனுவில் அளவோடு எழுதுங்கள். பக்கத்து ஏரியின் கலங்கல், அதாவது நிறைந்த தண்ணீர் வழிந்தோடும் இடம், தெருவைவிட உயரம் என்றால், ஏரி நிறையும்போது பேரூராட்சி எந்தச் சாலை போட்டாலும் தண்ணீர் வரும். அது நீர்வளத் துறையோடு சேர்ந்து தீர்க்க வேண்டியது.

ஒப்பந்த வேலைக்காரன்: வாட்டம் வாட்டம் என்கிறீர்கள். நாலு மீட்டர் தெருவில் என்ன வாட்டம் கிடைக்கும்?

நடுவில் உயர்த்தி இரு பக்கமும் 2.5 சதவீதம் சரித்தால், நடுவுக்கும் ஓரத்துக்கும் 5 செ.மீ. வித்தியாசம் வரும். தண்ணீர் ஓடுவதற்கு அது தாராளம். நடக்கிற தவறு வேறு: ஓரத்தில் கலவையை அதிகம் கொட்டி, ரோலர் மதிலோரம் போகாமல் விட்டு, ஓரமே நடுவைவிட மேடாகிவிடுகிறது. தண்ணீர் நடுத்தெருவில் தேங்கி, தார் உரிந்து, முதல் பருவமழையிலேயே குழி விழுகிறது. சூடும் முக்கியம். வி.ஜி.30 என்ற வகைத் தார் என்றால் விரிக்கும்போது கலவை 140 டிகிரிக்குக் குறையக் கூடாது, 90க்கு இறங்குவதற்குள் உருட்டி முடிக்க வேண்டும். கலவை லாரி தார்ப்பாய் மூடாமல் வந்தாலே சந்தேகப்படுங்கள்.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன்: இதுவரை மண் தெருவாக இருந்த இடத்தில் முதல்முறை ஜல்லி அடித்தளம் போடும்போது, மண்ணை வெட்டி எடுக்காவிட்டால் உயரம் ஏறும். அங்கேயும் வெட்டி எடுப்பதை மதிப்பீட்டில் சேர்க்கலாம். இந்த விவாதத்தை இத்தோடு நிறுத்திக்கொள்வோம், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

ராஜி அம்மா: தம்பி, சொத்து வரி தள்ளுபடிக்கு எது கடைசித் தேதி?

ஏப்ரல் 30, அக்டோபர் 31. முதல் பதிலில் விவரம் இருக்கிறது அம்மா.

மனை எண் 42: எங்கள் மனைப்பிரிவு வரைபடத்தில் பூங்கா என்று போட்டிருக்கும் இடத்தில் ஒருவர் கல் நட்டுக் கம்பிவேலி போடுகிறார். தன் பெயரில் பட்டா இருக்கிறது என்கிறார்.

மிக அவசரமான விஷயம், இன்றே தொடங்குங்கள். 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக ஒதுக்கி, தானப் பத்திரம் மூலம் உள்ளாட்சிக்கு ஒப்படைக்க வேண்டும். 3,000 முதல் 10,000 வரை உள்ளவற்றில் இடத்துக்குப் பதிலாகப் பணம் கட்டவும் வழி இருக்கிறது. ஆகவே உங்கள் வரைபடத்தில் பூங்கா உண்மையிலேயே ஒதுக்கப்பட்டதா என்பதை அங்கீகாரம் பெற்ற வரைபடத்தை வைத்தே உறுதி செய்யுங்கள். மனை விற்றவர் அச்சிட்ட வண்ணத் துண்டறிக்கை செல்லாது. அங்கீகார எண் வரைபடத்தின் ஓரத்திலேயே இருக்கும்.

பிறகு பதிவுத்துறை இணையதளத்தில் அந்தச் சர்வே எண்ணுக்கு வில்லங்கச் சான்று போடுங்கள். பேரூராட்சிக்கு எழுதிய தானப் பத்திரம் அதில் வர வேண்டும். வந்தால், பத்திர எண்ணையும் ஆண்டையும் குறித்துக்கொண்டு பேரூராட்சிச் சொத்துப் பதிவேட்டில் அந்த இடம் ஏறியிருக்கிறதா என்று கேளுங்கள்.

ஓட்டை பெரும்பாலும் இங்கேதான். தானப் பத்திரம் பதிவாகியிருக்கும், ஆனால் பட்டாவைப் பேரூராட்சி பெயருக்கு யாரும் மாற்றியிருக்க மாட்டார்கள். வருவாய்த்துறைக் கணக்கில் பழைய உரிமையாளர் பெயரே நிற்கும். அதைக் காட்டி அவரோ வாரிசோ இன்னொருவருக்கு விற்றுவிடுவார்கள். எனவே மனுவில் மூன்று கோரிக்கை வையுங்கள்: வேலியை அகற்றுவது, அளந்து எல்லைக்கல் நடுவது, பட்டாவை மாற்ற வட்டாட்சியருக்குப் பேரூராட்சியே எழுதுவது. பத்திர நகல், வில்லங்கச் சான்று, வரைபடம், வேலியின் படம் நான்கையும் இணையுங்கள். சார்பதிவாளருக்கும் தானப் பத்திர எண்ணைச் சொல்லி ஆட்சேபணை மனு கொடுங்கள். முத்திரையும் தேதியும் வாங்க மறக்காதீர்கள்.

தானப் பத்திரமே இல்லையென்றால் வழக்கு கடினம், ஆனால் முடிந்துவிடவில்லை. அங்கீகார வரைபடத்தில் பூங்கா என்று காட்டி மனை விற்றவர் அதை வேறு எதற்கும் பயன்படுத்த முடியாது. குடியிருப்போர் சங்கமாகச் சேர்ந்து வழக்கறிஞரைப் பாருங்கள்.

கூட்டுப் பட்டா: என் பங்கைத் தனிப்பட்டாவாக மாற்ற?

தாசில்தார் அலுவலகம். இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம்.

வீடு கட்டுபவர்: 1,200 சதுர அடி மனையில் கீழ், மேல் இரண்டு தளம். அனுமதிக்கு எத்தனை நாள் ஆகும்?

2,500 சதுர அடி வரையான மனையில் 3,500 சதுர அடி வரை தரைத்தளமும் முதல் தளமும் கட்ட, ஜூலை 2024 முதல் சுயசான்று முறையில் இணையத்திலேயே உடனடி அனுமதி கிடைக்கிறது. முன்கூட்டியே கள ஆய்வு இல்லை என்பதால் எல்லாம் சரி என்று எண்ணாதீர்கள். பக்கவாட்டு இடம் விடாமல் கட்டினால் பொறுப்பு முழுக்க உங்களுடையது. விண்ணப்பத்தில் கொடுத்த அளவும் பத்திரத்து அளவும் இடத்தில் உள்ள அளவும் ஒன்றாக இருக்க வேண்டும்.

எல்லைத் தெரு: எங்கள் பேரூராட்சியை மாநகராட்சியோடு சேர்த்தால் என்ன ஆகும்?

2021இல் சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்காரணை, திருநீர்மலை என்ற ஐந்து பேரூராட்சிகளும் ஐந்து நகராட்சிகளும் சேர்ந்துதான் தாம்பரம் மாநகராட்சி ஆனது. பெரிய திட்டங்களுக்கு நிதி திரட்டுவது எளிதாகும். வார்டுகள் குறையும், ஒரு கவுன்சிலருக்கு மக்கள்தொகை கூடும். வரி விகிதம் புது அமைப்பின்படி மாறலாம். இணைப்புக்கு முன் உங்கள் வரிவிதிப்பு நகல், குடிநீர் வைப்புத்தொகை ரசீது இரண்டையும் பத்திரப்படுத்துங்கள். பதிவேடுகள் இடம் மாறும்போது காணாமல்போவது இந்த இரண்டும்தான்.

இருட்டுச் சந்து: தெருவிளக்கு எரியவில்லை.

கம்பத்து எண்ணோடு எழுத்தில் பேரூராட்சிக்கு. தெரு முழுக்க மின்சாரமே இல்லை என்றால் மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகம், 94987 94987.

சுந்தரம்: வரி தள்ளுபடித் தேதி?

மேலே இரண்டு முறை இருக்கிறது. படியுங்கள்.

மாடி வீடு: டெண்டர் விட்டதே எங்களுக்குத் தெரியவில்லை. யாரிடம் கேட்பது?

2 கோடி ரூபாய் வரையான வேலைக்குக் குறைந்தது 15 நாள், அதற்கு மேல் 30 நாள் அவகாசம் கொடுத்து ஒப்பந்தப்புள்ளி கோர வேண்டும் என்பது 2000ஆம் ஆண்டு விதி. அரசின் டெண்டர் இணையதளத்தில் பேரூராட்சி பெயரில் தேடுங்கள். அவகாசத்தைக் குறைத்திருந்தால் அதற்கு எழுத்து மூலமான காரணம் கோப்பில் இருக்க வேண்டும், அந்த நகலைக் கேளுங்கள்.

மூன்றாவது குறுக்குத் தெரு: சார், திங்கட்கிழமை காலை வேலை தொடங்குகிறது என்று இப்போதுதான் சொன்னார்கள். தகவல் உரிமைக்கு 30 நாள் இல்லையே.

அப்படியானால் அந்த மனுவைப் பிறகு அனுப்புங்கள். நாளைக்கே மூன்று இடத்தில் அளந்து படம் எடுங்கள். பத்து வீட்டுக்காரர்கள் கையெழுத்திட்ட ஒரு பக்க மனுவை, அந்த அளவுகளோடு, வேலை தொடங்கும் முன் செயல் அலுவலரிடம் கொடுத்து முத்திரை வாங்குங்கள். மேற்பரப்பைச் சுரண்டாமல் தார் விரிக்க வேண்டாம், வேலைக்கு முன்னும் பின்னும் மட்டத்தை இளநிலைப் பொறியாளர் பதிவு செய்ய வேண்டும் என்ற இரண்டு வரி போதும். திங்கட்கிழமை இரண்டு பேராவது தெருவில் இருங்கள். லாரி வந்தும் சுரண்டாமல் இருந்தால், ஆட்களோடு வாக்குவாதம் வேண்டாம். முத்திரையிட்ட நகலைக் காட்டி இளநிலைப் பொறியாளரைப் போனில் அழையுங்கள்.