குழந்தை மருத்துவப் பயிற்சி: பயிற்சி மருத்துவர்களின் கேள்விகளும் பதில்களும்

பயிற்சி மருத்துவர்களும் இறுதியாண்டு மாணவர்களும் அனுப்பிய கேள்விகளுக்கு, தமிழகத்தின் அரசு மருத்துவமனை ஒன்றில் பணியாற்றும் குழந்தைகள் நல மருத்துவர் அளித்த பதில்கள்.

அடுத்த வாரம் குழந்தைகள் நலப் பிரிவில் பயிற்சி தொடங்குகிறது. பாடநூல் முழுவதையும் படிக்க நேரமில்லை. எதைத் தெரிந்துகொண்டு வார்டுக்குள் நுழைய வேண்டும்?

வயதுக்கேற்ற இயல்பான மூச்சு வேகம், நாடித்துடிப்பு, எடை ஆகியவற்றை முதலில் மனதில் பதியவையுங்கள். பால் குடிக்க இயலாமை, உட்கொண்ட அனைத்தையும் வாந்தி எடுத்தல், வலிப்பு, நினைவிழத்தல் அல்லது அசாதாரணச் சோர்வு ஆகிய நான்கும் அபாய அறிகுறிகள். இவற்றுள் ஒன்று இருந்தாலும் உடனே மூத்த மருத்துவரை அழைக்க வேண்டும். அரிய நோய்களை அவற்றைக் காணும்போது படித்துக்கொள்ளலாம்.

மூச்சை 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்கினால் போதாதா? குழந்தை அழுதுகொண்டே இருந்தால் என்ன செய்வது?

போதாது. கைக்குழந்தையின் மூச்சு சீராக ஓடுவதில்லை. சில விநாடி வேகமாக ஓடி, சற்று நின்று, மீண்டும் தொடங்கும். எனவே 15 விநாடியில் கிடைக்கும் எண் உங்களை இரு பக்கமும் ஏமாற்றும். முழு ஒரு நிமிடம் எண்ணுங்கள். ஸ்டெதாஸ்கோப்பை வைப்பதற்கு முன்பே, குழந்தை தாயின் மடியில் இருக்கும்போதே, சட்டையை மெல்ல உயர்த்தச் சொல்லி, வயிறும் மார்பும் சேருமிடத்தைப் பாருங்கள். மூச்சை உள்ளிழுக்கும்போது மார்பின் கீழ்ப்பகுதி வெளியே விரிவதற்குப் பதிலாக உள்ளே குழிகிறதா என்பதும் அப்போதே தெரிந்துவிடும். இரண்டு மாதத்திற்கு உட்பட்ட குழந்தைக்கு 60, இரண்டு மாதம் முதல் ஒரு வயதுக்குள் 50, ஒன்று முதல் ஐந்து வயதுக்குள் 40 என்ற எண்ணிக்கையோ அதற்கு மேலோ இருந்தால் அது வேகமான மூச்சு. இரண்டு மாதத்திற்கு உட்பட்ட குழந்தைக்கு 60 வந்தால் மறுபடியும் ஒருமுறை எண்ணி உறுதிசெய்யுங்கள். அழும் குழந்தையிடம் எண்ணிய எண்ணைக் கேஸ் ஷீட்டில் எழுதாதீர்கள். தாய் பாலூட்டி அமைதிப்படுத்தும் வரை காத்திருங்கள்.

மருந்தளவு எழுதும்போது கை நடுங்குகிறது. பிழை நேராமல் இருக்க என்ன வழி?

அன்று எடுத்த எடை தாளில் இல்லாமல் எந்த மருந்தையும் எழுதாதீர்கள். பிறகு மூன்று படிகளையும் எழுத்திலேயே காட்டுங்கள்: கிலோவுக்கு எத்தனை மில்லிகிராம், இக்குழந்தைக்கு மொத்தம் எத்தனை மில்லிகிராம், கையிலிருக்கும் பாட்டிலில் அது எத்தனை மில்லிலிட்டர். 10 கிலோ குழந்தைக்குப் பாராசிட்டமால் கிலோவுக்கு 15 மி.கி. வீதம் ஒரு வேளைக்கு 150 மி.கி. ஆகும். 5 மி.லி.யில் 125 மி.கி. உள்ள சிரப்பில் அது 6 மி.லி.; 250 மி.கி. உள்ள சிரப்பில் 3 மி.லி.; ஒரு மி.லி.யில் 100 மி.கி. உள்ள சொட்டு மருந்தில் 1.5 மி.லி. மட்டுமே. "6 மி.லி. கொடுங்கள்" என்று வாயால் சொல்லி அனுப்பி, வீட்டில் இருப்பது சொட்டு மருந்தாக இருந்துவிட்டால், அக்குழந்தை நான்கு மடங்கு மருந்தைக் குடிக்கும். அதனால் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டே விளக்கி, தாயையே அளவு மூடியில் ஊற்றிக் காட்டச் சொல்லுங்கள். சற்றுப் பெரிய பிள்ளைகளுக்கு, எடையால் பெருக்கி வரும் அளவு பெரியவர்களுக்கான அளவைத் தாண்டிவிடாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வயிற்றுப்போக்குடன் வரும் குழந்தைக்கு குளுக்கோஸ் ஏற்றியே ஆக வேண்டும் என்று பெற்றோர் வற்புறுத்துகிறார்கள். எப்படி மறுப்பது?

மறுக்க வேண்டாம், செய்து காட்டுங்கள். ஓரளவு நீரிழப்புள்ள குழந்தைக்குக் கிலோவுக்கு 75 மி.லி. உப்பு சர்க்கரைக் கரைசலை நான்கு மணி நேரத்தில் கொடுக்க வேண்டும். 8 கிலோ என்றால் 600 மி.லி. தாயை உங்கள் எதிரிலேயே சிறுகச் சிறுக ஊட்டச் சொல்லுங்கள். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து மீண்டும் தொடரலாம். கண்ணெதிரே குழந்தை தெளிவடைவதைப் பார்க்கும் தாய் ஊசியைக் கேட்பதை விட்டுவிடுவார். ஒரு லிட்டருக்கான பொட்டலத்தை ஒரு டம்ளரில் கரைத்துக் கொடுக்கும் வழக்கத்தைக் குறிப்பாகக் கேட்டறியுங்கள். அந்தச் செறிவு இரத்தத்தில் உப்பை ஆபத்தான அளவுக்கு உயர்த்தும். துத்தநாக மருந்து 14 நாள்கள். கடுமையான நீரிழப்பில் மட்டும், தாமதமின்றி இரத்தக் குழாய் வழியாக ரிங்கர் லாக்டேட் என்ற உப்பு நீர்மம். கடும் ஊட்டச்சத்துக் குறைபாடுள்ள குழந்தைகளுக்கு இக்கணக்கு பொருந்தாது. அவர்களுக்குத் தனி நெறிமுறை உண்டு.

பிறந்த குழந்தையின் மஞ்சள் காமாலையில் எது இயல்பு, எது நோய்?

முதல் 24 மணி நேரத்திற்குள் தோன்றும் மஞ்சள் நிறம் ஒருபோதும் இயல்பன்று. உள்ளங்கை, உள்ளங்கால் வரை பரவியதும் அப்படியே. இரண்டிலும் உடனே இரத்தத்தில் பிலிருபின் என்ற மஞ்சள் நிறமியின் அளவைப் பாருங்கள்.

டெங்குக் குழந்தைக்குக் காய்ச்சல் தணிந்துவிட்டது. வீட்டுக்கு அனுப்பலாமா?

அவசரப்பட வேண்டாம். இரத்தக் குழாய்களிலிருந்து நீர்மம் கசிவது பெரும்பாலும் காய்ச்சல் இறங்கும் நேரத்தில்தான் தீவிரமடைகிறது. வயிற்று வலி, தொடர் வாந்தி, சோர்வு, குளிர்ந்த கைகால்கள், ஹீமேட்டோகிரிட் (இரத்தத்தில் சிவப்பணுக்களின் விகிதம்) உயர்வு ஆகியவற்றைத் தேடுங்கள். இரத்த அழுத்தத்தின் மேல் எண் இயல்பாக இருப்பதைக் கண்டு நிம்மதியடையக் கூடாது. குழந்தைகளுக்கு அது கடைசியில்தான் விழும். மேல், கீழ் எண்களின் இடைவெளி 20 அல்லது அதற்குக் குறைவாகச் சுருங்கினால், குழந்தை பேசிக்கொண்டிருந்தாலும் அது உறுப்புகளுக்கு இரத்த ஓட்டம் குறையும் அதிர்ச்சி நிலையே (ஷாக்).

வீட்டு வைத்தியம் பற்றிக் கேட்டால் பாட்டிமார் மறைத்துவிடுகிறார்களே?

குற்றம் சாட்டும் குரலில் கேட்டால் யாரும் சொல்லமாட்டார்கள். "குளிப்பாட்டிய பிறகு மூக்கில் எண்ணெய் விடுவீர்களா பாட்டி? உரை மருந்து எத்தனை நாளுக்கு ஒருமுறை?" என்று வழக்கமான செய்தியைக் கேட்பதுபோல் கேளுங்கள்; முழு விவரமும் வரும். மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கினால் ஆன்டிபயாடிக்கிற்கு அடங்காத நிமோனியா உண்டாகும். ஆகவே ஆறாத நிமோனியாவுடன் வரும் ஒவ்வொரு கைக்குழந்தைக்கும் இக்கேள்வியை எக்ஸ்ரேவுக்கு முன்பே கேட்டு, பதிலைக் கேஸ் ஷீட்டில் எழுதுங்கள்.