சூப்பு எதில் கொதிச்சது? – வாசகர் கேள்வி பதில்

மகள் மெல்போர்னில் இருக்கிறாள். அடுத்த மாதம் நானும் வீட்டுக்காரரும் மாமியாரும் போகிறோம். சனி, ஞாயிறு ஆனால் புறநகரில் வியட்நாம் கடை, சீனக் கடை என்று குடும்பத்தோடு கிளம்பிவிடுவார்களாம். மாமியாருக்கு எண்பது வயது, சுத்த சைவம். நாங்கள் கோழி, ஆடு, மீன் சாப்பிடுவோம். மாடு, பன்றி கிடையாது. ஏழு வயதுப் பேரனுக்குக் காரம் ஆகாது. இத்தனை பேரும் ஒரே கடையில் எப்படிச் சாப்பிடுவது?
– வாசகி, தேவகோட்டை

தாராளமாகச் சாப்பிடலாம். ஆனால் மெனுவில் மேலே மிதக்கிறதை மட்டும் படித்துவிட்டு ஆர்டர் பண்ணினால் மாட்டிக்கொள்வீர்கள். இந்தக் கடைகளில் விஷயமே அடியில் இருக்கிற தண்ணியில்தான். காய்கறி நூடுல்ஸ் என்று எழுதியிருக்கும், காயும் நிறையக் கிடக்கும், சூப்பு மட்டும் எலும்பில் ஆறேழு மணி நேரம் கொதித்ததாக இருக்கும். நானே ஒரு ஜப்பான் நூடுல்ஸ் கடையில் 'வெஜிடபிள் ராமென்' என்றதை நம்பி, சைவக்காரரான என் சித்தப்பாவுக்கு வாங்கிக் கொடுத்து, அவர் பாதிக் கிண்ணம் காலி பண்ணின பிறகு அது பன்றி எலும்புச் சூப்பு என்று தெரிந்து, அன்றைக்கு வாங்கிக் கட்டிக்கொண்டது இன்னும் மறக்கவில்லை. அதனால் 'இதில் கறி இருக்கா' என்று கேட்காதீர்கள், 'சூப்பு எதில் கொதிச்சது' என்று கேளுங்கள்.

மகள் எந்தப் பக்கம் இருக்கிறாள் என்று எழுதவில்லை. ஸ்பிரிங்வேல், ஃபுட்ஸ்கிரே என்றால் வியட்நாம் கடைகள், பாக்ஸ் ஹில் என்றால் சீனக் கடைகள். 1975இல் போரில் தெற்கு வியட்நாமின் தலைநகர் சைகோன் விழுந்த பிறகு அகதிகளாக வந்து இறங்கிய குடும்பங்கள் போட்ட கடைகள் அந்தப் பக்கம் நிறைய. சைகோன் என்றதும் உங்கள் மாமியார் நிமிர்ந்து உட்கார்ந்தாலும் உட்காருவார். நம் செட்டிநாட்டு ஆட்கள் வட்டிக்கடை வைத்திருந்த ஊர், அவர்கள் கட்டின தண்டாயுதபாணி கோயில் இன்னும் அங்கே இருக்கிறது.

உங்களுக்கும் வீட்டுக்காரருக்கும் ஃபோ சொல்லுங்கள், அரிசி நூடுல்ஸ் சூப்பு. அதில் 'போ' என்று சேர்ந்து வந்தால் மாடு, 'கா' என்று வந்தால் கோழி. ஃபோ கா கேளுங்கள், கூடவே அதன் சூப்பும் கோழியில்தான் வைத்ததா என்று ஒரு வார்த்தை. அன்னாசிப்பூ, பட்டை, கிராம்பு, தீயில் சுட்ட இஞ்சி, வெங்காயம் போட்டு வைக்கிற சூப்பு அது, கிண்ணத்தை வைத்ததுமே நம் வீட்டு மசாலா டப்பாவைத் திறந்த மாதிரி இருக்கும். காரம் சூப்பில் ஏறியிருக்காது. மிளகாய், எலுமிச்சை, முளைப்பயறு, திருநீற்றுப்பச்சிலை எல்லாம் தனித் தட்டில் வரும், வேண்டியவர்கள் போட்டுக்கொள்ளலாம். அதனால் பேரனுக்குத் தாய்லாந்துக் கடையை விட வியட்நாம் கடை நல்லது. தாய்லாந்துக் குழம்பில் மிளகாயை விழுதோடு அரைத்துவிடுவார்கள், பிறகு பிரித்தெடுக்க வழியில்லை.

மாமியாருக்கு ஒரே ஒரு வார்த்தை: 'சாய்'. டீ இல்லை, வியட்நாமில் சைவத்துக்கு அதுதான் பெயர். அங்கே பௌத்தர்கள் பலர் அமாவாசைக்கு மறுநாளும் பௌர்ணமியும் ஒட்டி மாதத்துக்கு இரண்டு நாளாவது சைவம் இருப்பார்கள், ஆகவே அந்த வார்த்தைக்கு அர்த்தம் கடைக்காரருக்கு நன்றாகத் தெரியும். வெறுமனே 'வெஜிடேரியன்' என்றால் கறியை எடுத்துவிட்டு மீன் சாஸை ஊற்றிவிடும் ஆபத்து உண்டு. நெத்திலியும் உப்பும் மாதக்கணக்கில் ஊறி இறங்குகிற சாறு அது. தாய்லாந்துக் கடையில் இதே வேலைக்கு 'ஜே' என்ற சொல். அங்கே பச்சைக் குழம்பு விழுதிலேயே இறால் அரைத்திருக்கும், பப்பாளிக்காய் சாலட்டில் காய்ந்த இறால் கிடக்கும், பார்த்துக்கொள்ளுங்கள்.

சீனக் கடைக்குக் காலையில் 'யம் சா'வுக்கு, அதாவது டீயோடு சின்னச் சின்னப் பலகாரம் சாப்பிடப் போனால் மூங்கில் கூடையில் மூணும் நாலுமாக வந்துகொண்டே இருக்கும். சில கடைகளில் வண்டியில் தள்ளிக்கொண்டு வருவார்கள், பேரனுக்கு அதுவே வேடிக்கை. சியூ மாய் என்கிற கொழுக்கட்டை வேண்டாம், அதில் பன்றி. ஹார் காவ் இறால் கொழுக்கட்டை, ஆனால் சில கடைகளில் உள்ளே கொஞ்சம் பன்றிக் கொழுப்பு சேர்ப்பார்கள், கேட்டுவிட்டு எடுங்கள். ஆளுக்கொரு தட்டு என்று சொல்லாமல் நடுவில் வைத்துப் பகிருங்கள்.

கிளம்பும் முன் மாமியாருக்கு ஒரு வியட்நாம் காபி. டம்ளர் மேலே சின்ன ஃபில்டரை வைத்து, அடியில் டின் பால் ஊற்றி, சொட்டுச் சொட்டாக இறங்க விடுவார்கள். காட்டம் நம் டிகாக்‌ஷனுக்குக் குறையாது.

சைனீஸ் கடை என்றாலே அஜினமோட்டோ, தலைவலி என்று என் அக்காள் வர மறுக்கிறாள். உண்மையா?
– வாசகர், காரைக்குடி

1908இல் ஜப்பானில் கிகுனே இகெடா என்ற வேதியியல் பேராசிரியர் கொம்பு என்கிற கடற்பாசியைக் கொதிக்கவைத்து அதன் ருசிக்குக் காரணமான குளூட்டமேட் என்ற பொருளைப் பிரித்தெடுத்தார். மறு வருஷமே அதன் உப்பு அஜினமோட்டோ என்ற பெயரில் கடைக்கு வந்துவிட்டது. தலைவலிக் கதை 1968இல் ஓர் அமெரிக்க மருத்துவ இதழுக்கு ஒருவர் எழுதின கடிதத்தில் தொடங்கினது. அதன்பிறகு யாருக்கு எது கொடுத்தோம் என்று சொல்லாமல் சோதித்துப் பார்த்தபோது, சாப்பாட்டில் சேர்கிற அளவுக்கு அந்தத் தலைவலி ஒழுங்காகத் திரும்ப வரவில்லை. தக்காளியிலும் இதே குளூட்டமேட் இருக்கிறது, அக்காள் தக்காளிச் சட்னியை நிறுத்திவிட்டாளா? ஒரு வயதுக்குள் இருக்கிற குழந்தைக்கு மட்டும் வேண்டாம். அக்காளுக்கு பி.பி. இருந்தால் பயப்பட வேண்டியது சாதா உப்புக்கு. நூடுல்ஸைச் சாப்பிட்டுவிட்டு சூப்பில் பாதியை மிச்சம் வைக்கச் சொல்லுங்கள்.

மகனுக்கு ஒரகடத்தில் வேலை. பார்க்கப் போனால் கொரியக் கடைக்குக் கூட்டிப்போகிறேன் என்கிறான். அந்தப் பொட்டலில் கொரியக் கடை எப்படி வந்தது? அங்கே என்ன சாப்பிடுவது?
– வாசகர், புதுவயல்

1998இல் பக்கத்து இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் ஆலை ஓடத் தொடங்கியது, பின்னாலேயே உதிரிபாகக் கம்பெனிகளும் கொரியர்களும் வந்தார்கள், அவர்களுக்குச் சோறு வேண்டாமா! உங்களுக்கு அந்தச் சாப்பாடு பிடித்துப்போகும் என்று நினைக்கிறேன், ஏனென்றால் ஒன்று சொன்னாலே கேட்காமல் ஆறேழு சின்னக் கிண்ணத்தில் தொட்டுக்க வந்துவிடும், தீர்ந்தால் மறுபடி வைப்பார்கள், பெரும்பாலும் அதற்குத் தனிக் காசும் கிடையாது. நம் ஊர் மெஸ்ஸில் கூட்டு, பொரியல் மறுசோறு மாதிரிதான். கிம்ச்சியைப் பார்த்து முட்டைக்கோஸ் ஊறுகாய்தானே என்று சைவக்காரர்கள் எடுத்துவிட வேண்டாம், வழக்கமாக உப்பில் போட்ட இறாலோ மீன் சாஸோ இருக்கும். முதல் தடவைக்கு பிபிம்பாப் சொல்லுங்கள், சோற்றின் மேல் காய்கள், முட்டை, மிளகாய் விழுது வைத்துத் தருவார்கள், எல்லாவற்றையும் நன்றாகப் பிசறிச் சாப்பிட வேண்டும். அப்புறம், அங்கே பெரியவர் ஸ்பூனை எடுத்த பிறகுதான் சின்னவர்கள் தொடுவார்கள். இதை மகனிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள், மாசத்தில் ஒரு நாளாவது மரியாதை கிடைக்கட்டும்.

தாய்லாந்துக் கடையில் மாம்பழத்தோடு தருகிற கறுப்புச் சோறு நம் கவுனி அரிசியா?
– வாசகி, பள்ளத்தூர்

அதே இனம்தான், கறுப்பு ஒட்டரிசி. பர்மா போன நம் ஆட்களோடு இங்கே வந்து சேர்ந்தது என்பார்கள். நாம் தேங்காய்ப்பூவும் சர்க்கரையும் போடுகிறோம், அவர்கள் உப்புப் போட்ட தேங்காய்ப்பாலை மேலே ஊற்றுகிறார்கள். வீட்டில் செய்து பாருங்கள், ராத்திரியே ஊறப்போட்டுவிடுங்கள், காலையில் ஊறப்போட்டு மத்தியானம் குக்கர் விசிலை எண்ணிக்கொண்டு நிற்காதீர்கள்.

குச்சியால் சாப்பிடத் தெரியாது. ஸ்பூன் கேட்டால் சிரிப்பார்களா?
– வாசகர், கோட்டையூர்

தாய்லாந்துக்காரர்களே சோற்றை ஸ்பூனிலும் ஃபோர்க்கிலும்தான் சாப்பிடுகிறார்கள், குச்சி நூடுல்ஸுக்கு. பர்மாவில் வீட்டுச் சாப்பாடு கையால்தான். தைரியமாகக் கேளுங்கள். சீனக் கடையிலோ ஜப்பான் கடையிலோ குச்சியை எடுத்துப் பார்த்தீர்கள் என்றால், சோற்றில் நட்டுக்குத்தலாகச் செருகி வைத்துவிட்டு மட்டும் போனை எடுக்காதீர்கள். இறந்தவர்களுக்கு ஊதுபத்தி ஏற்றுகிற மாதிரி அது, பக்கத்து மேசைப் பாட்டி முறைப்பார்.