15 லேன் கார்டும் ஒரே நாளில் கெட்டுப்போகுமா?

கேள்வி: மண்டபம் அருகே ஒரு பள்ளியில் கணினி ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்கிறேன். 15 கணினிகள், எதிலும் ஹார்ட் டிஸ்க் கிடையாது. சர்வரிலிருந்து நெட்வொர்க் வழியாகத்தான் பூட் ஆகும், அதாவது இயங்கத் தொடங்கும். போன வாரம் புது வைஃபை ரூட்டர் வைத்தோம். மறுநாளிலிருந்து எல்லாவற்றிலும் ‘பிஎக்ஸ்இ-இ53: நோ பூட் ஃபைல்நேம் ரிசீவ்டு’ என்று வந்து நிற்கிறது. உப்புக்காற்றில் லேன் கார்டுகள் போய்விட்டன, எல்லாவற்றையும் மாற்ற வேண்டும் என்கிறார் பராமரிப்பு ஒப்பந்தக்காரர். மாற்றலாமா?

பதில்: மாற்றாதீர்கள். கொட்டேஷனில் கையெழுத்தும் போடாதீர்கள்.

பிஎக்ஸ்இ என்பது நெட்வொர்க் வழியாக பூட் ஆகும் முறை. அதில் இ53 என்றால், கணினிக்கு ஐபி முகவரி (நெட்வொர்க்கில் அதன் அடையாள எண்) கிடைத்துவிட்டது, எந்தக் கோப்பிலிருந்து பூட் ஆக வேண்டும் என்ற தகவல்தான் வரவில்லை என்று பொருள். முகவரி வந்து சேர்ந்திருக்கிறது என்றாலே கார்டும் கேபிளும் வேலை செய்கின்றன.

எனக்குச் சந்தேகம் அந்தப் புது ரூட்டர் மேல்தான். வைஃபை ரூட்டர்கள் கடையிலிருந்து வரும்போதே முகவரி வழங்கும் டிஹெச்சிபி வசதியோடு வருகின்றன. இதுவரை உங்கள் சர்வர் செய்த வேலை அது. இப்போது ரூட்டர் முந்திக்கொண்டு முகவரியைக் கொடுக்கிறது. கோப்பின் பெயர் அதற்குத் தெரியாது. நெட்வொர்க் கேபிள்கள் எல்லாம் வந்து சேரும் சுவிட்ச் பெட்டியிலிருந்து ரூட்டரின் கேபிளைப் பிடுங்கிவிட்டு ஒரு கணினியை மட்டும் போட்டுப் பாருங்கள். பூட் ஆனால், ரூட்டரின் செட்டிங்ஸில் டிஹெச்சிபியை நிறுத்திவிட்டு மறுபடி செருகலாம். இ51 என்று மாறினால் முகவரி தர ஆளே இல்லை. சர்வரில் அந்தச் சேவை நின்றிருக்கும், அதை ஓடவிடுங்கள்.

உப்புக்காற்று பொய்யில்லை. ராமேஸ்வரத்திலிருந்து தொண்டி வரை அது இரும்பைத் தின்பதைத் தினமும் பார்க்கிறோம். ஆனால் அது ஒவ்வொன்றாக, மெதுவாகத்தான் அரிக்கும். ஒரே ஒரு கணினி, அதுவும் கடல் பக்க ஜன்னலோரத்தில் இருப்பது, இ61 (கேபிள் இணைப்பே தெரியவில்லை என்ற பிழை) காட்டினால் அப்போது உப்பைச் சந்தேகியுங்கள். பக்கத்துக் கணினியின் கேபிளை அதில் செருகுங்கள். சரியானால், பழைய கேபிளின் முனையை வெட்டிப் புது கனெக்டர் அடித்தால் போதும். வெட்டும்போது உள்கம்பியைச் சுரண்டிப் பாருங்கள்: வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்பு முலாம் பூசிய அலுமினியம். செம்பு விலைக்கு அதை விற்றுவிட்டுப் போகிறவர்கள் நிறைய. கேபிள் மாற்றியும் இ61 போகவில்லை என்றால் கணினியின் ஜேக்கில் பச்சை பூத்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். அதன் பிறகுதான் கார்டு பேச்சு. அப்போதும் நெட்வொர்க் பூட் வசதி உள்ள கார்டா என்று கேட்டு வாங்குங்கள். மலிவானவை பலவற்றில் அது இருக்காது.

புகார் கொடுத்தால் யாரும் வராமலே ‘சரிசெய்யப்பட்டது’ என்று குறுஞ்செய்தி வரும் முறையை என்னால் சகிக்கவே முடியவில்லை. பிள்ளைகளின் ஒரு பருவமே இப்படிப் போய்விடுகிறது. திரையைப் படம் எடுத்துப் புகாரோடு இணையுங்கள். ஒப்பந்தக்காரர் பிடிவாதம் பிடித்தால், ரூட்டரின் டிஹெச்சிபியை நிறுத்தாமல், அது செருகியிருக்கும்போதே ஒரே ஒரு கணினியில் புது கார்டு போட்டுப் பூட் செய்து காட்டச் சொல்லுங்கள்.