நுரையீரலில் தொடங்கிய வைரஸ் தொற்று, தசையைச் சிதைத்துச் சிறுநீரகத்தைப் பழுதாக்குவது எப்படி?

கடுமையான இன்ஃபுளுயன்சாவால் மூச்சுத்திணறி மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட உங்கள் அண்ணனுக்கு நான்காம் நாளில் சிறுநீரகம் செயலிழக்கத் தொடங்கியதாகவும், தசைச் சிதைவே காரணம் என்று மருத்துவர்கள் சொன்னதாகவும், இம்மூன்றுக்கும் என்ன தொடர்பு என்று விளங்கவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். தீவிர சிகிச்சைப் பிரிவில் மருத்துவனாகப் பணிபுரிவதால், இதே கேள்வியைப் பல குடும்பத்தாரிடமிருந்து கேட்டிருக்கிறேன்.

தசை அணுக்கள் சிதையும் இந்நிலைக்கு ராப்டோமயோலிசிஸ் என்று பெயர். வைரஸ் நேரடியாகத் தசை அணுக்களைத் தாக்குவதாலும், தொற்றை எதிர்க்க உடல் சுரக்கும் அழற்சிப் பொருள்களாலும் இது நேரலாம். ஆனால் எல்லா நோயாளிகளின் தசையிலும் வைரஸ் கிடைப்பதில்லை என்பதால், இரண்டாவது காரணத்துக்கு நான் கூடுதல் எடை கொடுப்பேன். இதனுடன் ஆக்சிஜன் பற்றாக்குறையும் சேரும்போது, தசை அணு தன் வெளிச்சவ்வைக் காத்துக்கொள்ளப் போதிய ஆற்றலின்றி உடைந்து, உள்ளிருந்த பொட்டாசியம், பாஸ்பேட், மயோகுளோபின் ஆகியவற்றை இரத்தத்தில் கொட்டிவிடுகிறது.

தசைக்கு ஆக்சிஜனைச் சேமித்துத் தரும் மயோகுளோபின், அளவில் சிறிய புரதமாதலால் சிறுநீரக வடிகட்டியை எளிதில் கடந்துவிடும். ஏற்கெனவே காய்ச்சலால் நீர் வற்றியிருக்கும் உடலில், அமிலத்தன்மை மிகுந்த சிறுநீரில், அது அங்குள்ள வேறொரு புரதத்துடன் சேர்ந்து கட்டியாகி நுண்குழாய்களை அடைக்கிறது. அதிலுள்ள இரும்பு குழாயின் அணுக்களையே அரிக்கிறது. இரத்தக் குழாய்களும் சுருங்கிவிடுவதால் சிறுநீரகத்துக்கு வரும் இரத்தமும் குறைகிறது. இதே சிறுநீரகப் பாதிப்பை, 1941-இல் லண்டன் குண்டுவீச்சில் இடிபாடுகளுக்குள் நசுங்கியவர்களிடம் பைவாட்டர்ஸ், பீல் என்ற இரு மருத்துவர்கள் விவரித்தார்கள். நசுக்கியது சுவரானாலும் நோயானாலும் சிறுநீரகம் படும் பாடு ஒன்றுதான்.

இதைத் தவறவிடுவது மிக எளிது. காய்ச்சலில் உடம்பு வலிப்பது இயல்புதானே என்று எல்லோரும் கடந்துவிடுவோம், செயற்கைச் சுவாசத்தில் மயங்கிக் கிடப்பவரோ வலிக்கிறது என்று சொல்லவும் முடியாது. என் தொடக்க காலத்தில் ஒரு நோயாளியின் கல்லீரல் நொதிகள் உயர்ந்திருந்ததைக் கல்லீரல் கோளாறு என்றே நான் எண்ணியிருக்க, குழாய் வழியே பையில் சேரும் சிறுநீர் பால் கலக்காத தேநீர் நிறத்தில் இருப்பதை இரவுப் பணிச் செவிலியர்தான் சுட்டிக்காட்டினார். அந்த நொதிகள் தசையிலும் உண்டு. பரிசோதனைப் பட்டை சிறுநீரில் இரத்தம் இருப்பதாகக் காட்டியும் நுண்ணோக்கியில் சிவப்பணுக்கள் தென்படாவிட்டால், அது மயோகுளோபினாக இருக்கலாம். எனினும் மயோகுளோபின் சில மணி நேரத்தில் மறைந்துவிடுவதால், சிறுநீர் தெளிவாக இருக்கிறது என்று நிம்மதியடைய முடியாது. இரத்தத்தில் சி.பி.கே. என்ற தசை நொதியின் அளவைப் பார்ப்பதே உறுதியான வழி. சாதாரணமாக ஏறத்தாழ 200 அலகுக்குள் இருக்கும் அது 1,000-ஐத் தாண்டினால் தசைச் சிதைவு என்றும், 5,000-ஐத் தாண்டினால் சிறுநீரகத்துக்கு ஆபத்து கூடுகிறது என்றும் பொதுவாகக் கொள்வோம்.

சிகிச்சையில்தான் உண்மையான சிக்கல். சிறுநீரகத்தைக் காக்க இரத்தக் குழாய் வழியாக நிறைய நீர் ஏற்ற வேண்டும். வீங்கிய நுரையீரலுக்கோ அந்த நீரே பகை. ஆகவே சிறுநீரின் அளவையும் ஆக்சிஜன் நிலையையும் மணிக்கு மணி பார்த்துக் கணக்காக ஏற்றுவோம். உங்கள் அண்ணனுக்கு டயாலிசிஸ் தேவைப்பட்டால் அஞ்ச வேண்டாம். இதயத் துடிப்பையே குலைக்கக்கூடிய பொட்டாசியத்தைக் குறைப்பதும், தேங்கிய நீரை வெளியேற்றுவதும், சிறுநீரகம் தேறும்வரை அதன் வேலையைச் செய்வதுமே அதன் நோக்கம். உயிர் தப்பியவர்களில் பெரும்பாலானோருக்குச் சில வாரங்களிலோ மாதங்களிலோ சிறுநீரகம் மீள்கிறது.

அவர் கொழுப்பைக் குறைக்க ஸ்டாட்டின் மாத்திரை சாப்பிட்டு வந்தவராயின் மருத்துவரிடம் உடனே சொல்லுங்கள். அதுவும் தசையைச் சிதைக்கக்கூடியது, கிளாரித்ரோமைசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி போன்ற சில மருந்துகளுடன் சேர்ந்தால் இன்னும் மோசம். வீடு திரும்பிய பிறகும் இபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் போன்ற வலிநிவாரணிகளைத் தாமாக வாங்கிச் சாப்பிட வேண்டாம். ஸ்டாட்டினை மீண்டும் தொடங்குவதா என்பதை, சி.பி.கே., சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் இரண்டையும் மறுபடி பார்த்துவிட்டு மருத்துவரே முடிவு செய்யட்டும்.