மே மாதம் ஏற்காட்டில் மூன்று நாள் தங்கும் அளவுக்கு என்ன இருக்கிறது?

கேள்வி: மே விடுமுறைக்குக் குடும்பத்தோடு ஏற்காடு போகிறோம். மூன்று நாள் ஓய்வாகத் தங்கலாமா, ஒரே நாளில் பார்த்துவிட்டு இறங்கிவிடலாமா? 'ஏழைகளின் ஊட்டி, பார்க்க ஒன்றுமில்லை' என்கிறார்களே? மலைப்பாதையில் குழந்தைக்கு வாந்தி வருமா?

பதில்:

நான் பிறந்தது, வாக்கப்பட்டது இரண்டுமே சேலம். இந்த 'ஏழைகளின் ஊட்டி'யைக் கேட்டாலே எனக்குச் சுருக்கென்று வரும். ஊட்டிக்கு சல்லிவன் என்றால் எங்களுக்கு காக்பர்ன். 1820-களில் அவர் கோயம்புத்தூர் கலெக்டர், இவர் சேலம் கலெக்டர். ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் காப்பிச் செடியைக் கொண்டுவந்து வைத்தவர் இவர்தான். வெள்ளைக்காரன் பெருமை எதற்கு என்று கமெண்டில் யாராவது வருவீர்கள். அவர்களுக்கெல்லாம் முன்பே மலையாளிப் பழங்குடி மக்கள் (கேரளா இல்லை, எங்கள் மலைக்காரர்கள்) அங்கே இருக்கிறார்கள், சாமியும் அவர்களுடையது. போதுமா?

நீங்கள் இந்நேரம் போனில் லிஸ்ட் போட்டு வைத்திருப்பீர்கள். என் நாத்தனார் வீட்டுக்காரரும் (நான் அண்ணா என்று கூப்பிடுவேன்) அப்படித்தான் சென்னையிலிருந்து வந்தார். ஏரி, அண்ணா பூங்கா, லேடீஸ் சீட், பகோடா பாயிண்ட், கிளியூர் அருவி, சேர்வராயன் கோயில், எல்லாவற்றுக்கும் பக்கத்தில் நேரம் வேறு. அதுவும் மே மாத ஞாயிற்றுக்கிழமை. மலைப்பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொன்றிலும் எண் போட்ட பலகை இருக்கும். பிள்ளைகள் உற்சாகமாக எண்ண ஆரம்பித்தார்கள். வண்டி வரிசையில் நின்று நின்று, பாதியிலேயே எண்ணுவதை விட்டுவிட்டுச் சிப்ஸ் பாக்கெட்டைப் பிரித்தார்கள். அது குரங்குக்குப் போனது.

படகுத் துறையில் கூட்டம். வெயிலில் நின்று டிக்கெட் வாங்கி, ஏரியில் ஒரு சுற்று வந்து, மிளகாய் பஜ்ஜி தின்றோம். பஜ்ஜியைப் பற்றி எனக்கு எந்தக் குறையும் இல்லை. அடுத்தது கிளியூர். படியெல்லாம் இறங்கிப் போனால் மொட்டைப் பாறை, நடுவில் ஈரமாக ஒரு கோடு. அண்ணா என்னைப் பார்த்து, "இதுக்கா இவ்ளோ தூரம் வந்தோம்?" என்றார். "மே மாசம் அருவியில தண்ணி இருக்காதுன்னு அடிவாரத்துலயே சொன்னேன், அண்ணா" என்றேன். மூச்சு வாங்க ஏறி வந்தோம்.

சாயங்காலம் இடி இடித்து நல்ல கோடை மழை பிடித்தது. லிஸ்டில் மிச்சமிருந்ததெல்லாம் போச்சு. நாகலூர் ரோட்டில் ஒரு எஸ்டேட்டை ஒட்டிய வீட்டை எடுத்திருந்தோம். முன்னால் சில்வர் ஓக் மரங்கள், அதில் ஏறிய மிளகுக் கொடி, கீழே காப்பிச் செடி. மே மாதத்தில் காப்பிக்காய் பச்சையாக, கணுவுக்குக் கணு கொத்தாக ஒட்டிக்கொண்டிருக்கும். அண்ணா போனை உள்ளே வைத்துவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்தார். மிளகு எது, காப்பி எது என்று தோட்டத்து ஆளிடம் கேட்டார். அப்புறம் நாற்காலியிலேயே தூங்கிவிட்டார்.

நான் எங்கே இருந்தேன் என்று கேட்கவில்லையே? சமையலறையில். 'கிச்சன் வசதியுடன்' என்று விளம்பரத்தில் பெருமையாகப் போட்டிருந்தார்கள். வெளியே சாப்பிட்டால் பிள்ளைகளுக்கு ஒத்துக்காது, நாமே ஆக்கிக்கொள்ளலாம் என்று வீட்டில் ஏகமனதாக முடிவானது. அந்த 'நாமே'யில் எத்தனை பேர் என்பது மேலே போனதும் தெரிந்தது. எல்லாரும் திண்ணையில் மழை பார்த்தார்கள், நான் புளி கரைத்துக்கொண்டே ஜன்னல் வழியாகப் பார்த்தேன். "நீ வெச்சாத்தான் ரசம் ரசமா இருக்கு" என்று நாத்தனார் குரல் வேறு. பாராட்டி வேலை வாங்குவதில் எங்கள் வீட்டில் எல்லாரும் கெட்டிக்காரர்கள். ராத்திரி பாதிச் சமையலில் கேஸ் தீர்ந்தது. வாடகைக்கு விட்ட ஓனர் சிலிண்டர் கொண்டுவந்து போட்டுவிட்டு அதற்குத் தனியாகக் காசு வாங்கினார். வாடகையில் சேராதா என்று கேட்டேன். "சமைக்கறவங்க அதிகம் சமைச்சா நாங்க என்னம்மா பண்றது" என்றார். இதற்கும் உங்கள் கேள்விக்கும் சம்பந்தமில்லை, தெரியும். எழுதாமல் இருக்க முடியவில்லை.

மறுநாள் காலை நான் எழுந்திருக்கவே இல்லை. போர்வைக்குள் இருந்தபடியே தலைவலி என்று சொல்லிவிட்டேன். ஒண்டிக்கடை என்கிற முக்குக்குப் போய் எல்லாரும் இட்லி சாப்பிட்டு எனக்கும் பார்சல் வாங்கி வந்தார்கள். பிள்ளைகள் யாருக்கும் வயிறு கெடவில்லை. மத்தியானமும் ஹோட்டல்தான். இருட்டியதும் லேடீஸ் சீட் போய், கீழே சேலம் முழுக்க விளக்கு எரிவதைப் பார்த்தோம். அஸ்தம்பட்டி எது, எங்கள் தெரு எது என்று சண்டை போட்டோம்.

ஆக, மூன்று நாள் தங்குங்கள். ஞாயிறு கலக்காமல், திங்கள் முதல் புதன் வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். கோடை விழா தேதி அறிவித்துவிட்டார்களா என்றும் பாருங்கள். மலர்க் கண்காட்சி நன்றாகத்தான் இருக்கும், ஆனால் ஊர் தாங்காது. சமையலறை இல்லாத அறையாக எடுங்கள். உங்கள் வீட்டில் எல்லாரும் பங்கிட்டுச் சமைப்பீர்கள் என்றால் மகிழ்ச்சி, என்னைத் திட்ட வேண்டாம்.

ஊட்டிக் குளிரை எதிர்பார்க்காதீர்கள். ஊட்டி 2,200 மீட்டருக்கு மேல், ஏற்காடு சுமார் 1,500 மீட்டர்தான். சேலத்தில் 40 டிகிரி கொளுத்தும்போது மேலே பகலில் 30-ஐ ஒட்டி இருக்கும். ராத்திரிக்குப் போர்வை வேண்டும், ஸ்வெட்டர் பெரியவர்களுக்குத் தேவைப்படாது.

வாந்தி விஷயம்: வரலாம். கிளம்பும் முன் வயிறு முட்டச் சாப்பிட வைக்காதீர்கள், வெறும் வயிற்றோடும் ஏற்றாதீர்கள். வண்டியில் போன் கொடுக்க வேண்டாம், ஜன்னலைத் திறந்து வையுங்கள். நடுவில் நிறுத்துவதானால் வளைவில் நிறுத்தாமல், அகலமான இடம் பார்த்து ஓரம் கட்டுங்கள். இறங்கும்போது குப்பனூர் வழியாகவும் வரலாம், அயோத்தியாப்பட்டணம் பக்கம் கொண்டுவந்து விடும்.