சோலார் இன்வெர்ட்டரில் எத்தனை வகை? கரண்ட் போனால் எது ஓடும்?

பேனல் தரும் டிசி மின்சாரத்தை வீட்டுக்கான ஏசியாக மாற்றுவதுதான் சோலார் இன்வெர்ட்டர். முதலில் பார்க்க வேண்டியது, அது மின்வாரிய லைனோடு இணைகிறதா என்பது. ஆன்-கிரிட் இணையும், பேட்டரி கிடையாது, மிச்ச யூனிட் லைனுக்குப் போகும். கரண்ட் போனால் உச்சி வெயிலிலும் நின்றுவிடும். அது பழுதல்ல, கம்பத்தில் வேலை செய்பவருக்கு ஷாக் அடிக்காமலிருக்க வைத்த பாதுகாப்பு. வாங்குமுன் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ளுங்கள். ஆஃப்-கிரிட் லைனை நம்பாமல் முழுக்க பேட்டரியை நம்பியது, அதனால் கரண்ட் போனாலும் ஓடும். ஹைபிரிட் லைனோடும் இணையும், பேட்டரியிலும் ஓடும், ஆனால் கரண்ட் இல்லாதபோது பேக்கப் அவுட்புட்டில் கொடுத்த லைன் மட்டுமே ஓடும். தாங்கும் வாட்ஸ் பார்க்காமல் மோட்டாரை அதில் கொடுக்காதீர்கள்.

அடுத்தது பேனல் இணைப்பு. ஸ்ட்ரிங் வகையில் பேனல்கள் சீரீஸாக, அதாவது ஒன்றன்பின் ஒன்றாகக் கோர்த்து வரும், வோல்ட் கூடிக்கொண்டே போகும். லோடு இல்லாதபோது 50 வோல்ட் காட்டும் பேனல் பத்து சேர்ந்தால் 500 வோல்ட் டிசி. குளிர்ந்த காலையில் இன்னும் ஏறும். இன்வெர்ட்டரின் உச்ச வரம்பைத் தாண்டினால் உள்ளே எரிந்துபோகலாம். தண்ணீர்த் தொட்டி நிழல் விழும் மாடிக்கு, பேனலுக்கு ஒன்றாக வரும் மைக்ரோ இன்வெர்ட்டரே நல்லது, விலை கூடுதல்தான்.